பனமலை ஏரிக்குத் திரும்ப வேண்டியவை

ஸ்டோர் ரூம் கதவு திறந்து கிடந்தது. காலையில் நான் பூட்டிவிட்டுத்தான் போனேன். சாவியைப் பக்கத்து ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போன புத்திசாலியும் நான்தான். உள்ளே, வேர்க்கடலை மூட்டைகளுக்குப் பின்னால் கறுப்புத் துணி சுற்றி வைத்திருந்த பாட்டிலைக் காணவில்லை. துணி மட்டும் நான்காக மடித்து மூட்டைமேல் வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் எந்த அவசரத்திலும் துணியை மடித்து வைக்கிற ஆள் ஒருவர்தான். அம்மாவுக்குப் போன் போட்டேன். ஃபிரிட்ஜ் மேலிருந்து மணி அடித்தது.

அந்தப் பாட்டிலில் இருந்தது என் இரண்டரை வருஷம்.

பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. லேசாகக் கலங்கிய தண்ணீர், அடியில் விரற்கடை அளவு கறுப்பு வண்டல். வாயில் தடித்த ரப்பர் மூடி, அதன்மேல் இறுக்கிய அலுமினிய வளையம். பனமலை ஏரியின் சேற்றிலிருந்து எடுத்து, புதுச்சேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் காற்றே படாமல் நான் வளர்த்த நுண்ணுயிர்கள். பாக்டீரியாவா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். இவை ஆர்க்கியா, வேறு குலம். அந்தக் குலத்திலும் ஒரு குறிப்பிட்ட கிளையைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

நம் உடம்பிலும், வேப்பமரத்திலும், காளானிலும் இருப்பது ஒரே மாதிரியான பெரிய செல். உள்ளே அறை அறையாகப் பிரிந்து, நடுவில் உட்கருவோடு இருக்கும். அது எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய இருநூறு கோடி வருஷங்களுக்கு முன்னால், இந்தக் கிளையைச் சேர்ந்த ஏதோ ஒரு மூதாதை, தன்னோடு ஒட்டி வாழ்ந்த ஒரு பாக்டீரியாவை உள்ளே வாங்கிக்கொண்டது. செரித்துத் தீர்க்காமல் குடிவைத்துக்கொண்டது. அந்தக் குடித்தனக்காரர்தான் இன்றைக்கு நம் செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியா. பெரும்பாலான ஆய்வாளர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். நேரில் பார்த்தவர் யாரும் இல்லாததால், அந்த மூதாதையின் ஒன்றுவிட்ட சொந்தங்களைத் தேடிப் பிடித்து விசாரிக்க வேண்டியிருக்கிறது. அவையோ சேற்றுக்கடியில் ஒளிந்திருக்கின்றன. ஒன்று இரண்டாவதற்கே வாரக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. கூட்டாளி நுண்ணுயிர்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் வளராமல் அடம்பிடிக்கின்றன. காற்று பட்டால் செத்துப்போகின்றன. உலகத்தில் இவற்றை வளர்த்துக் காட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

போன மாதம் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சின்னஞ்சிறு உருண்டைகளிலிருந்து நீள நீளமாகக் கைகள் நீண்டிருந்தன. நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். கைகள் அப்படியேதான் இருந்தன. ஆனால் உருவத்தை வைத்து யாரும் நம்பமாட்டார்கள். மரபணுவை எடுத்துப் படித்துக் காட்ட வேண்டும். அதற்கு அவற்றைக் கொல்ல வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கட்டடத்தில் வயரிங் மாற்றுகிறோம் என்று பத்து நாள் கரண்ட்டை நிறுத்தினார்கள். வேறு ஆய்வகத்தில் வைத்தால் யாராவது குலுக்கிவிடுவார்கள், நகர்த்திவிடுவார்கள் என்று பயந்து, விதிப்படி தப்பு என்று தெரிந்தும், பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிச் செஞ்சிக்குக் கொண்டுவந்துவிட்டேன். தை மாதம். எங்கள் வீட்டு ஸ்டோர் ரூம் இருட்டு, இரவும் பகலும் ஒரே அளவு சூடு, யாரும் போகமாட்டார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்தபின் அம்மா சாப்பிடமாட்டாள். மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு எதுவும் அவள் அடுப்பில் ஏறாது. குடிக்கிற தண்ணீரை இரட்டையாய் மடித்த துணியில் வடிகட்டுவாள். அதைப் பலரும் செய்வார்கள். அதற்குப் பிறகு செய்கிற காரியம்தான் முக்கியம். துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களைச் சாக்கடையில் உதறக் கூடாது. வடிகட்டிய நீரை ஊற்றித் துணியை அலசி, அந்த நீரை எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தோமோ அதே கிணற்றில், மேலிருந்து வீசாமல் வாளியில் இறக்கி விட வேண்டும். அந்தந்த உயிர் அந்தந்தத் தண்ணீருக்குத்தான் பழகியிருக்கும். இடம் மாறினால் செத்துவிடும், அந்தப் பாவம் நம்முடையது. எங்கள் தெருவுக்குக் குழாய் வந்த புதிதில், மேல்தொட்டிக்குத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று பேரூராட்சி அலுவலகத்துக்கே போய் விசாரித்தவள் அவள். அங்கிருந்தவர் திகைத்துப்போய்த் தெரியாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து குழாய்த் தண்ணீர் துணி துவைக்க மட்டும்.

இரண்டரை வருஷத்துக்கு முன் நான் சேறு எடுக்கப் போனபோது அவளும் கூட வந்தாள். மலைமேல் இருக்கும் பல்லவர் கோயிலுக்குக் கீழே, ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு, மதகுக்குப் பக்கத்தில் நான் குழாயை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்குள் ஒன்று குடிபோன கதையை அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் நம் சமயம் சொல்கிற நிகோதம், ஒரே உடம்புக்குள் எண்ண முடியாத உயிர்கள் சேர்ந்து மூச்சு விடும், சேர்ந்து பிறக்கும், சேர்ந்து சாகும், இதைப் போய் இப்போதுதான் கண்டுபிடிக்கிறீர்களா என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு அவள் ஒன்று கேட்டாள், இதுகளை என்ன செய்வாய் என்று. சும்மா பார்க்கத்தான் அம்மா, பார்த்துவிட்டு விட்டுவிடுவேன் என்றேன். சொன்ன அன்றே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

முந்தின நாள் அடுக்களைப் பக்கம் நின்று என் ஆய்வு வழிகாட்டியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பாதி போதாது, முழுப் பாட்டிலும் வேண்டும் என்றார் அவர். மார்ச்சோடு என் ஆய்வுக்காலம் முடிகிறது, இன்னொரு தடவை வளர்க்க நேரமில்லை. சரி சார், திங்கட்கிழமை எல்லாவற்றையும் கொன்றுவிடலாம், உயிரோடு எதையும் மிச்சம் வைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். திரும்பினால், கையில் வடிகட்டும் துணியோடு அம்மா நின்றாள். எதைச் சொல்கிறாய் என்று கேட்டாள். அது வேற விஷயம் என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனேன்.

மறுநாள் நான் புதுச்சேரிக்குப் போய், பாட்டிலுக்கு ஊட்டுவதற்காகப் புதிய ஊட்டநீரும் ஊசிகளும் குழாயும் எடுத்து வருவதற்குள் இது நடந்துவிட்டது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். மண்டியிலிருந்த அவருக்குப் போன் செய்தேன். ஒன்றரை மணி பஸ்ஸில் பனமலைக்குப் போவதாக அம்மா சொன்னாள், ஏன் என்று கேட்டால் வந்து சொல்கிறேன் என்றாள், சாப்பிடக்கூட இல்லை என்றார். அவர் குரலில் என்மேல்தான் சந்தேகம் இருந்தது.

பாட்டில் லேபிளில் என் கையெழுத்திலேயே இடம் எழுதியிருந்தேன். எழுதாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். எந்தத் தண்ணீரோ அதே தண்ணீர்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அலுமினிய வளையத்தைக் கையால் திறக்க முடியாது, அதற்கென்று ஒரு கருவி வேண்டும். அந்த நிம்மதியோடு வண்டிச் சாவியை எடுக்கத் திரும்பினேன். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் எப்போதும் தொங்குகிற கட்டிங் பிளேயர் இல்லை.

பனமலை வரை ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கரும்பு டிராக்டர் ஒன்று வழிவிடாமல் முன்னால் ஊர்ந்தது, அதன் டிரைவரை நான் திட்டிய திட்டை எழுத முடியாது. நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். இரண்டே முக்காலுக்கு அவள் ஏரிக்கரைக்குப் போயிருப்பாள், இப்போது மணி நாலு. எங்கள் ஊட்டநீரில் ஒரு சாயம் கலந்திருக்கும். காற்று இல்லாதவரை அதற்கு நிறம் கிடையாது. காற்று நுழைந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். வழி முழுக்க என் கண்ணுக்குள் அந்த இளஞ்சிவப்புதான் ஓடியது. கடவுளே, ரப்பரை மட்டும் பிடுங்காமல் இருக்க வேண்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் புலம்பினேன்.

மதகுக்குப் பக்கத்துப் படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பாட்டில். வளையத்தைக் கிழித்துப் பாதி உரித்திருந்தாள். ரத்தம் வழிந்த ஆள்காட்டி விரலை முந்தானையில் சுற்றியிருந்தாள். ரப்பர் இன்னும் இருந்தது. தண்ணீருக்கு நிறமில்லை. நானும் படியில் உட்கார்ந்தேன்.

"கிட்ட வராத" என்றாள் அம்மா. பிளேயரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலை ரப்பருக்கு அடியில் கொடுத்தாள்.

"அம்மா, தொறக்காத. தொறந்தா எல்லாம் செத்துடும். அதுங்களுக்குக் காத்து ஆவாது."

"அப்பவும் நீ பார்க்கத்தான்னு சொன்ன. இப்பவும் ஏதோ ஒண்ணு சொல்ற."

இரண்டரை வருஷம் கழித்து, உண்மையைச் சொல்லும்போது நம்ப ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தேன். இதைவிட நியாயமான தண்டனை கிடையாது.

புதுச்சேரியிலிருந்து வந்ததும் இறக்காமல் தோளிலேயே இருந்த பையிலிருந்து புதிய ஊட்டநீர் பாட்டில் ஒன்றை எடுத்தேன். அதே அளவு, அதே மூடி, தண்ணீர் போலவே இருக்கும். இதற்குள் உயிர் எதுவும் இல்லை, காய்ச்சி இறக்கியது, இதைத் திறந்து காட்டுகிறேன், நீயே பார் என்றேன். பிளேயரால் வளையத்தைக் கிழித்து ரப்பரைப் பிடுங்கி, பாட்டிலை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே படியில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மேல்மட்டத்தில் மெல்லிய கோடாக நிறம் ஏறியது. பிறகு கீழே இறங்க ஆரம்பித்தது. காற்று இறங்குகிற தூரம் அது, அது போகிற இடத்திலெல்லாம் இவை சாகும் என்றேன். அம்மா ரப்பருக்கடியிலிருந்து கட்டைவிரலை மெதுவாக எடுத்தாள்.

"நான் தொறந்திருந்தா..." என்றாள். முகம் வெளுத்துவிட்டது. ரத்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பூச்சியைக்கூட விரலால் தள்ளாமல் காகிதத்தில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விடுகிற கை அது.

பாட்டில் இன்னும் அவள் மடியில்தான் இருந்தது. கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. உன்னிடம் கொடுத்தால் உயிரோடு இருக்குமா என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காவது உண்மையைச் சொன்னேன், இருக்காது என்று.

"இங்க வுட்டாலும் சாவும். உங்கையில குடுத்தாலும் சாவும். அப்ப அதுங்க எங்கதான் பொழைக்கும்?"

சேற்றுக்கடியில் என்றேன். அங்கே காற்று போகாது, கூட்டாளிகளும் இருக்கும். ஊசியால் ரப்பரைக் குத்தி, காற்றுப் படாமல் உறிஞ்சி, குழாய் வைத்து நேரே சேற்றுக்குள் செலுத்தினால் பிழைக்கக்கூடும். வாயைத் திறந்து இதைச் சொன்னபிறகுதான் எனக்கு என்ன சொன்னேன் என்று உறைத்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியது. எல்லாவற்றையும் கேட்கவில்லை, உன் படிப்பும் பாழாகக் கூடாது, பாதியை விட்டுவிட்டு வா என்றாள். பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.

பாதி போதாது. வழிகாட்டி சொன்னது காதிலேயே இருந்தது.

புடவை கட்டியிருந்த அம்மா கரையிலேயே நின்றாள். நான் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். பைக்குள் என் பாட்டிலும் இருந்தது, திறக்காத ஊட்டநீர் பாட்டில்களும் இருந்தன. கரைக்கு முதுகைக் காட்டி நின்றேன். கை பைக்குள் போனது. இரண்டு கழுத்தும் விரலில் பட்டன. ஒன்றில் லேபிள் இருந்தது, ஒன்றில் இல்லை. யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். லேபிள் இல்லாததைத்தான் கை எடுத்தது.

மூன்று தடவை உறிஞ்சி, மூன்று தடவை சேற்றுக்குள் செலுத்தினேன். உயிரில்லாத, காய்ச்சி இறக்கிய தண்ணீர். திரும்பிப் பார்த்தபோது அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் அவளை வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று விரட்டி ஓட்டினேன். ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் சூரியன் விழ இன்னும் கொஞ்சம் இருந்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்தவள், மோர்சோற்றில் கல் உப்பை வழக்கம்போல் ஒரு சிட்டிகை கூடவே போட்டுப் பிசைந்து, ருசித்துச் சாப்பிட்டாள். அவளுக்கு உப்புத் தூக்கலாக இருக்க வேண்டும், அதில் மட்டும் அவளுக்கு நாக்கு அடங்காது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஒரு கேடுகெட்டவள் என்று எனக்கே தோன்றியது, ஆனால் பாட்டில் முழுசாக இருக்கிறது என்ற சந்தோஷமும் கூடவே இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

பாதி உரிந்த வளையத்தைப் பிளேயரால் அழுத்திப் பிடிக்கவைத்து, கறுப்புத் துணியை இரண்டு சுற்றாகச் சுற்றி, மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். இந்தத் தடவை சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன். வீட்டில் இன்னொரு சாவி இருப்பது எனக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை காலையில் பாட்டிலை எடுக்கப் போனேன். பாட்டில் துணியில்லாமல் நின்றது. அளவுக்காக நான் முன்பே பேனாவால் போட்டிருந்த கோடு வரை தண்ணீர் குறையாமல் இருந்தது; பாதியை ஏரியில் விட்டிருந்தால் பாதிதான் இருந்திருக்கும். துணி நான்காக மடிக்கப்பட்டு மூட்டைமேல் இருந்தது.

அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன். அந்த வசதியை அவள் எனக்குத் தரவில்லை.

எல்லாம் நினைத்தபடி நடந்தது. மரபணு வந்தது, அதே கிளைதான். நம் செல்லுக்குள் சட்டம் கட்டி நிறுத்துகிற புரதங்களுக்கான மரபணுக்கள், அந்தச் சேற்றுப் பிராணியிடமும் இருந்தன. நமக்குப் பங்காளி. வழிகாட்டி என் தோளில் தட்டி, மார்ச்சுக்குப் பிறகும் ஆய்வகத்திலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். கொல்வதற்கு முன், உறுத்தல் தாங்காமல், பத்துச் சொட்டு எடுத்துச் சின்ன பாட்டில் ஒன்றில் விட்டு வைத்தேன். வளர்ந்தால் ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று.

ஒரு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது, எனக்கும் நைனாவுக்கும் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அம்மா தனக்கென்று எடுத்து வைத்திருந்த கிண்ணத்திலிருந்து தெரியாமல் ஒரு வாய் எடுத்துவிட்டேன். பச்சைத் தண்ணீர் போல இருந்தது. உப்பை விட்டுவிட்டாள், பிரஷருக்கு நல்லதென்று டாக்டரும் சொல்லிவிட்டார் என்றார் நைனா பெருமையாக. எப்போதிலிருந்து என்று கேட்டேன். பனமலைக்குப் போய் வந்தாளே, அதற்கு இரண்டு நாள் கழித்து என்றார்.

அடுக்களைக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். துணியைப் பானை வாயில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுவரைக்கும்மா இந்த விரதம்?" என்று கேட்டேன்.

"நீ அதுங்கள ஏரில வுட்டுட்டு வர்ற வரைக்கும்" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தாள். பத்துச் சொட்டு மிச்சம் வைத்திருப்பதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு தை வந்துவிட்டது. இன்னும் அவள் உப்புப் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் வளர்கிறதா என்று கேட்பாள், மெதுவாகத்தான் வளரும் அம்மா என்பேன். அந்தச் சின்ன பாட்டிலை, வளர்ந்துவிட்டதா என்று பார்க்கிற ஆசையில் வாரத்துக்கு ஒரு தடவை ஊசி குத்தி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குத்திக் குத்தி ரப்பர் தளர்ந்து, போன ஆடியில் ஒருநாள் காலையில் இளஞ்சிவப்பாகிவிட்டது. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.